தறி ஓடாத நாளில் பன்னிரண்டு டேக்

ஒலிப்பதிவுக்கூடம் நடத்துகிறவனுக்கு மைக்கைவிட முக்கியமான சாதனம் பக்கத்துவீட்டுக்காரரின் மௌனம். மிக்ஸி, ஹார்ன், குழாயடிச் சண்டை என்று ஏதோ ஒன்றால் அவதிப்படும் சக ஜீவன்களே, கேளுங்கள். அருப்புக்கோட்டையில் என் கூடத்துக்கு அடுத்த கட்டடம் விசைத்தறிக் கொட்டகை. மல்லாங்கிணறு ரஹீமின் குழு சில வருடங்களுக்கு முன் என்னிடம் பதிவு செய்த ராக் ஆல்பம் இன்றும் இந்தப் பக்கத்து ஷேர் ஆட்டோக்களில் ஓடுகிறது. இப்போது, ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பப் பதிந்து கழித்துப்போட்ட டேக்குகளையும் சேர்த்து மறுபடி வெளியிடுகிறார்கள். நான் எதையும் அழிப்பதில்லை. அது ஒழுங்கா, வியாதியா என்பதில் எனக்கும் என் மனைவிக்கும் கருத்து வேறுபாடு உண்டு.

மின்தடை நாள்

பகலில் தறி நிற்பது, பராமரிப்புக்காக மாதம் ஒருமுறை மின்சாரத்தை நிறுத்தும் நாளில்தான். ஆகவே அன்றுதான் பதிவு. இன்வெர்ட்டர் தாங்கும் நாலு மணி நேரத்துக்குள் முடித்தாக வேண்டும். ஊரே அலுத்துக்கொள்ளும் நாளை நான் காலண்டரில் வட்டமிட்டு வைத்துக் காத்திருப்பேன். வளைகுடாவில் வேலை பார்த்துக் கிடாரோடு திரும்பிய ரஹீம், முதல் நாள் மின்விசிறி ஓடாத அறையில் வியர்வையைத் துடைத்தபடி கேட்டார்: "கரண்டு போனாத்தான் எலக்ட்ரிக் கிடாரு வாசிக்க முடியும்னு சொன்னா, வெளியூர்க்காரவுக நம்புவாகளாண்ணே?"

மூன்றாவது டேக்

மெதுவான பாட்டு. கடைசியில் குரல் மட்டும் தனியே தேய்ந்து அடங்க வேண்டும். ரஹீம் கண்ணை மூடிப் பாடினார். குறை சொல்ல எனக்கே ஒன்றும் அகப்படவில்லை. அந்த இடத்தில் டீக்கடைக்காரர் தோளால் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். என் முகத்தைப் பார்த்துத் தயங்கி, குரலைத் தாழ்த்தி, அதனாலேயே மைக்கில் வெகு தெளிவாக விழும்படி கேட்டார்: "மூணு டீயா, நாலா?"

பன்னிரண்டு டேக்

டிரம்ஸ் வாசித்த பாண்டிக்குச் சொந்த ஊர் பாலவனத்தம். பக்கத்துக் கொட்டகையில் தறி ஓட்டுகிறவன். என் கூடத்தில் நடக்கும் சாயங்கால ஒத்திகைகளில் இம்மியும் பிசகாதவன், பதிவு நாளில் மட்டும் தாளத்தை விரட்டிக்கொண்டு ஓட ஆரம்பித்துவிடுவான். கடைசிப் பாட்டுக்குப் பன்னிரண்டு டேக் எடுத்தோம். எல்லாவற்றிலும் முடிவில் ரஹீம் மூச்சிரைக்க அவனைத் துரத்திக்கொண்டிருந்தார். காதில் ஹெட்போனை மாட்டி, வேகம் பிசகாமலிருக்க 'டிக் டிக்' என்ற தாளச் சத்தத்தைக் கொடுத்தேன். கொசு கடிக்கிற மாதிரி இருக்கிறது என்று கழற்றிவிட்டான். மைக் பயம் என்று நான் தீர்ப்பெழுதினேன். அவன் போனதும் ரஹீம் கதவைச் சாத்தினார்: "மதுரையில ஒரு டிரம்மர்ட்ட சொல்லி வச்சிருக்கேன். பாண்டி வேண்டாம். ஆனா கூடப் படிச்சவன்ட்ட அதை நான் எப்படிச் சொல்ல? நீங்க சொல்லிருங்கண்ணே."

கொட்டகைக்குள்

மறுநாள் சொல்லத்தான் போனேன். வழியெல்லாம் வாக்கியத்தைத் திருத்தித் திருத்தி, பொருத்தமான இடத்தில் 'வருந்துகிறேன்' கூடச் சேர்த்திருந்தேன். பாண்டி தறி முன்னால் நின்றுகொண்டிருந்தான். கண் நூலில் இருந்தது. இடது கை விரல்கள் தறிச் சட்டத்தில் அதே கடைசிப் பாட்டைத் தட்டிக்கொண்டிருந்தன. முழுப் பாட்டையும் பார்த்தேன். தாளம் ஓடவே இல்லை. சாயங்கால ஒத்திகைகளில் சுவருக்கு அந்தப் பக்கம் தறி ஓடிக்கொண்டிருந்தது அப்போதுதான் உறைத்தது. வாக்கியத்தை விழுங்கிவிட்டு, செல்போனைத் தறியருகே நீட்டி ஐந்து நிமிடம் பதிவு செய்தேன். பாண்டி சிரித்தான்: "என்னண்ணே, தறியவா பாட வைக்கப் போறீக?"

அடுத்த மாதம்

ஊரில் கரண்டு இல்லை. பாண்டியின் காதில் மட்டும் தறி ஓடியது. ஒரே டேக். கடைசி அடி விழுந்ததும் ரஹீம் கிடாரை இறக்கி வைத்துவிட்டு என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "மதுரைக்கு நானே போன் போட்டு வேண்டாம்னுட்டு வாரேண்ணே."

குப்பை

போன வாரம் ஹார்ட் டிஸ்க்கைத் துழாவியபோது, சுவர் வழியே தறிச்சத்தம் கேட்கும் பழைய ஒத்திகைப் பதிவு ஒன்று கிடைத்தது. அதற்கு நான் வைத்திருந்த பெயர் 'குப்பை'. கச்சிதமான வாசிப்பு. புதிய வெளியீட்டில் அதுதான் முதலில் வருகிறது. கொட்டகை முதலாளிக்குப் போட்டுக் காட்டினேன். பாட்டு முடியும்வரை தலையாட்டிக் கேட்டவர் சொன்னார்: "நம்ம மூணாம் நம்பர் தறி, தம்பி. நல்லா விழுந்திருக்கு. பாட்டுக்காரவுகதான் கொஞ்சம் சத்தம் போடுறாக."

தறிச்சத்தத்துக்குத் தப்பிக்க மாதக்கணக்கில் மின்தடைக்குக் காத்திருந்தவன், கடைசியில் அந்தச் சத்தத்தைச் செல்போனில் வைத்து நானே உள்ளே அழைத்து வந்தேன் என்பதுதான் என் தொழில்நுட்ப சாதனை.