நாற்பத்து நான்காவது தாள்

இது நடந்தது. அடையாற்றில், 2023 ஆகஸ்டில், ஒரு புதன்கிழமை காலை எட்டு மணிக்கு மேல். பேய்க்கு இருட்டு வேண்டும் என்று நினைப்பவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். பைபிள்மேல் கை வைத்துச் சொல்லுங்கள் என்று கனகராஜிடம் கேட்டேன். "அத இனிமே தொட மாட்டேன் சார்" என்றார். அதனால்தான் நம்பினேன்.

கனகராஜ் தி.நகரில் பதினோரு வருஷம் பட்டுச்சேலை விரித்துக் காட்டியவர். போதகர் ஆகவேண்டும் என்று முப்பத்தெட்டு வயதில் வேலையை உதறிவிட்டு பாப்டிஸ்ட் செமினரியில் சேர்ந்தார். மனைவி அனுப்ரியா தையல் மெஷினை மிதித்துக் குடும்பத்தை ஓட்டினாள்.

அங்கே ஒரு வழக்கம். கடைசி வருஷ மாணவர் சேப்பல் ஆராதனையில் இருபது நிமிஷம் பிரசங்கம் செய்யவேண்டும். கேட்டவர்கள் ஆளுக்கொரு தாளில் மார்க் போட்டு, ஒரு வரி எழுதி, வாசலில் உள்ள பெட்டியில் போடுவார்கள். கனகராஜ் ஒருமுறை தோற்றாயிற்று. இன்னொரு முறை தோற்றால் பட்டமும் இல்லை, சபையும் இல்லை. மறுபடி சேலைக்கடைதான்.

பயத்தில் ஒரு காரியம் செய்தார். பழைய மாணவர்களின் பிரசங்கங்கள் நூலகத்தில் கட்டுக்கட்டாக இருக்கும். 1996ஆம் வருஷக் கட்டில், ஞானதுரை என்பவர் எழுதிய 'எண்ணெய் தீர்ந்த விளக்கு'. மணவாளன் வரக் காத்திருந்த பெண்களின் விளக்கில் எண்ணெய் தீர்ந்துபோன பைபிள் கதை. படித்ததும் கண் கலங்கியது. கடைசித் தாளை மட்டும் காணோம். அப்படியே காப்பியடித்தார். முடிவை மட்டும் தானே எழுதிக்கொண்டார்: 'காத்திருப்போம், எண்ணெய் வரும்.' ஆழம் தெரியாமல் காலை விட்டார், மனுஷன்.

8.10. மேடை ஏறினார். எதிரே நாற்பத்து மூன்று பேர். நேரத்துக்கு மணி அடிக்க அறைத்தோழன் நிரஞ்சன் பக்கவாட்டில் உட்கார்ந்திருந்தான்.

8.14. முதுகுக்குப் பின்னால் ஒரு சத்தம். சலக்...

ஆளை முழுக்கி ஞானஸ்நானம் கொடுக்கும் தொட்டி அங்கேதான் இருக்கிறது. அதில் மூன்று மாதமாகச் சொட்டுத் தண்ணீர் இல்லை. எலியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

8.19. கடைசி பெஞ்சில் ஒருவன். கதவு திறந்த சத்தமே கேட்கவில்லை. வெள்ளைச் சட்டை உடம்போடு நனைந்து ஒட்டியிருந்தது. வெளியே சுள்ளென்று வெயில்.

அவன் உதடு அசைந்தது.

கனகராஜ் சொல்வதையே அவனும் சொன்னான்.

இல்லை... இவருக்கு ஒரு வார்த்தை முன்னால்.

திருடனுக்குத் தேள் கொட்டினாற்போல ஆகிவிட்டது. கத்தவும் வழியில்லை, நிறுத்தவும் வழியில்லை.

8.28. டிங். இன்னும் இரண்டே நிமிஷம். கடைசித் தாளில் தன் கையெழுத்தைப் பார்த்தபடியே வாயைத் திறந்தார்.

வேறு வார்த்தைகள் வந்தன.

"எண்ணெய் வராது. தெரியும். இருட்டிலேயே நடந்து வருகிறேன். வாசலில் நில்லும்."

சலக்...

கடைசி பெஞ்ச் காலி.

"இன்னாண்ணே, முடிவ மாத்திட்டீங்க?" வெளியே வந்ததும் நிரஞ்சன் கேட்டான். "ரூம்ல வேற சொன்னீங்க."

"கடைசி பெஞ்சுல யாரு?"

"யாருமே இல்லண்ணே."

பெட்டியைத் திறந்தார்கள். நாற்பத்து மூன்று பேருக்கு நாற்பத்து நான்கு தாள். ஒன்று மட்டும் ஈரம். ஓரத்தில் மணல் ஒட்டியிருந்தது. பத்துக்குப் பத்து போட்டு, கீழே ஒரு வரி:

'முடிவு சரி. எப்போது நடக்கப் போகிறீர்கள்?'

கனகராஜ் பாஸ். சந்தோஷப்பட முடியவில்லை. நேராக நூலகத்துக்குப் போனார். முப்பது வருஷமாக அங்கே வேலை பார்க்கும் இசக்கியம்மாளிடம் ஞானதுரையைப் பற்றிக் கேட்டார்.

"அந்தப் பிள்ளை பிரசங்கம் பண்ணவே இல்லையே, பிரதர். அன்னைக்குக் காலைல எல்லாரும் சேப்பல்ல காத்துக் கெடந்தோம். ஒல்காட் குப்பத்து மீன்காரங்கதான் கடற்கரையில பொணமா ஒதுங்கிக் கெடந்ததப் பார்த்துட்டு வந்து சொன்னாங்க. சட்டைப் பையில ஒரே ஒரு தாளு."

"என்ன எழுதியிருந்தது?"

"இன்னைக்கும் மறக்கல." அவள் கண்ணை மூடிக்கொண்டாள். "எண்ணெய் வராது. தெரியும். இருட்டிலேயே நடந்து வருகிறேன்..."

மீதி இரண்டு வார்த்தைகளை அவளுக்கு முன்னால் கனகராஜின் உதடு சொன்னது.

பட்டம் வாங்க அவர் போகவில்லை. இப்போது மறுபடியும் தி.நகரில் சேலை விரிக்கிறார். வீடு கோடம்பாக்கத்தில். அந்த நாளுக்குப் பிறகு கடல் பக்கம் தலைவைத்துக்கூடப் படுத்ததில்லை.

தினமும் காலையில் அனுப்ரியா வாசலில் அவருடைய செருப்பைத் தட்டுகிறாள். ஈர மணல் கொட்டுகிறது. எங்கே போனீர்கள் என்று கேட்பதை அவள் நிறுத்திவிட்டாள்.