பொருந்திய மதம்

பள்ளிச் சீருடை தைக்கும் அந்தக் கடையில் அவளைக் கட்டிங் அக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். கத்தரி பிடித்தால் துணி பிசிறடிக்காது. பேச்சும் அப்படித்தான். தாய் தகப்பன் இல்லாத வீட்டில் தம்பியை வளர்த்து ஆளாக்கியவள் அவள். அவன் கல்யாணமாகி, மனைவியோடு வேறு மதத்தில் சேர்ந்தபோது, "எனக்குத் தம்பியே இல்ல" என்று சொல்லிவிட்டாள். அவன் பலமுறை வந்து கதவைத் தட்டினான். அவள் திறக்கவில்லை. போன மழைக்காலத்தில் மாரடைப்பில் போய்விட்டான். சாவுக்கும் அவள் போகவில்லை.

ஒரு நாள் மதியச் சாப்பாட்டின்போது, காஜா எடுக்கும் பெண் கைப்பேசியில் எதையோ திறந்தாள். கேள்விகளுக்குப் பதில் சொன்னால், நம் மனசுக்கு எந்த மதம் பொருந்தும் என்று அது காட்டுமாம். இஸ்திரிக்காரருக்கு எதுவுமே பொருந்தவில்லை.

"வீட்லயும் இதத்தான் சொல்றாங்க" என்றார்.

சிரிப்பு அடங்கியதும் அந்தப் பெண் கேட்டாள். "அக்கா, உங்களுக்குப் பாக்கலாமா?"

"கேளு, எனக்கென்ன."

கடவுளுக்கு உருவம் உண்டா? செத்தவர்கள் திரும்பப் பிறப்பார்களா? அவள் மனசில் பட்டதைச் சொல்லிக்கொண்டே வந்தாள். செய்த தப்பைக் கடவுள் மன்னிப்பாரா என்ற கேள்விக்கு மட்டும் கை சோற்றில் நின்றது.

"யாருக்குப் பண்ணோமோ, அவங்கதான் மன்னிக்கணும்."

முடிவைப் பார்த்த பெண்ணின் முகம் மாறியது. தம்பி விஷயம் கடை முழுக்கத் தெரியும். "இதெல்லாம் சும்மாக்கா. விடுங்க."

"காட்டு."

தம்பி சேர்ந்த மதம்.

அடுத்த விடுமுறையில் அக்கா அந்த மதத்தாரின் பிரார்த்தனைக் கூடத்துக்குப் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். தம்பி மனைவி பார்த்துவிட்டாள். எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"வாங்க அண்ணி."

பிரார்த்தனை முடிந்ததும் அக்கா மெல்லச் சொன்னாள். "இவங்க சொல்றதெல்லாம் நான் நெனைக்கிறதுதான். ஆனா மனசுல ஒட்டலையே."

"அவருக்கும் ஆரம்பத்துல அப்படித்தான் இருந்துச்சு."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அவன்."

கேட்டவளுக்கே பதில் தெரிந்தது. முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள்.

அவள் அந்த மதத்தில் சேரவில்லை. பழைய சாமியைக் கும்பிடுவதும் நின்றுபோனது. விடுமுறை நாட்களில் தம்பி வீட்டுக்குப் போகிறாள். இரண்டு பெண்களும் கீரை ஆய்ந்து, சமைத்து, ஒன்றாகச் சாப்பிடுகிறார்கள்.