என் சுவரில் ஒரு பிரெஞ்சுக்காரர்

எங்கள் மாடியில் ஒன்பது வருடம் குடியிருந்தவர் பாரிசில் விளம்பரக் கம்பெனி நடத்தி ஓய்வு பெற்றவர். புதுச்சேரியில் எங்கள் உப்பளம் பகுதிக்கு அவர் பெட்டியோடு வந்து இறங்கியது ஆடிப்பெருக்குக்கு மறுநாள், காலை பத்தேகாலுக்கு. இப்படி எல்லாவற்றையும் நோட்டில் குறித்து வைப்பது எனக்கு அரசாங்க உத்தியோகத்துக்கு முன்பிருந்தே உள்ள பழக்கம்.

தெருச் சுவர்களில் ஒட்டியிருக்கும் கண்ணீர் அஞ்சலி போஸ்டர்களை எழுத்துக்கூட்டிப் படித்துத்தான் அவர் தமிழ் கற்றுக்கொண்டார். அதனால் ஒருநாள் காலை படியிறங்கி வந்து, "ஆழ்ந்த வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன், மோட்டார் ஓடவில்லை" என்றார்.

என் மனைவி சிரிப்பை அடக்கிக்கொண்டு, "மோட்டாருக்கு எப்போ எடுக்கறாங்க, முசியே?" என்று கேட்டாள்.

"இன்று மாலை நாலு மணியளவில்" என்றார் அவர்.

சாயங்காலங்களில் தன் கதையைச் சொல்வார், நான் எழுதிக்கொள்வேன். முதலில் தயிருக்கு வாசகம் எழுதியிருக்கிறார், பிறகு சோப்புக்கு. நடுவில் ஒருமுறை வேலையை விட்டுத் துரத்தப்பட்டார். பின்பு சொந்தக் கம்பெனி தொடங்கி, பத்தொன்பது வருடம் ஒரு சிகரெட்டுக்கு விளம்பரம் செய்தார். அந்தப் பகுதியைச் சொன்ன அன்று காபியைத் தொடவில்லை.

"என் தம்பி அதைத்தான் பிடித்தான்" என்றார். அந்தத் தம்பி இப்போது இல்லை.

கடைசி வருடம் என்னிடம் ஒன்று கேட்டார். "நான் போனால் எனக்கும் ஒரு போஸ்டர் ஒட்ட வேண்டும். அதில் பொய் கூடாது. பொய் போதுமான அளவு எழுதிவிட்டேன். ஓர் ஆள் நின்று கடைசி வரி வரை படித்தால் அது நல்ல போஸ்டர்."

சரி என்றேன்.

அவர் இறந்தது ஒரு வியாழக்கிழமை. அவர் உறுப்பினராக இருந்த பிரெஞ்சு நண்பர்கள் சங்கத்தின் செயலாளர் மதியமே வந்துவிட்டார். உள்ளூர்க்காரர், ஓய்வுபெற்ற பேராசிரியர். "மாபெரும் கலைஞர்" என்று அச்சடித்த வெள்ளை அட்டையைக் காட்டினார். அதில் வயது மூன்று குறைந்திருந்தது. சிகரெட் எங்கேயும் இல்லை. போஸ்டர் ஒட்டப்போகிறேன் என்றதும் முகம் சுளித்தார்.

"சார், அவரு லெவல் என்ன? வார்டு கவுன்சிலருக்கு ஒட்டற மாதிரி ஒட்டுவீங்களா?"

நான் அச்சகத்துக்குக் கிளம்பினேன். தோற்றம், மறைவு இரண்டையும் பாஸ்போர்ட் நகல், டாக்டர் சீட்டு இவற்றை வைத்துச் சரிபார்த்துக் கொடுத்தேன். வாசகத்தைப் படித்த அச்சகக்காரர் கண்ணாடியைக் கழற்றினார்.

"சார், 'பத்தொன்பது வருடம் சிகரெட் விற்றார், அதற்காக வருந்தினார்'னு இருக்குது. செத்தவர திட்டற மாதிரி ஆவாது? பாசமிகு, பண்பாளர்னு ரெண்டு வார்த்த போட்டுடறேன். எல்லாருக்கும் போடறதுதான்."

"வேணாம்."

"இப்படிக்குன்னு கீழ ஒரு முப்பது பேரு?"

"மாடி வீட்டு உரிமையாளர் குடும்பம். அவ்ளோதான்."

அவருக்கு மனசே வரவில்லை. "ரெண்டு பக்கமும் மெழுகுவர்த்தியாவது வெக்கட்டுமா?"

"வெச்சுக்க."

வெள்ளிக்கிழமை அடக்கத்துக்கு முன்னால், காலை ஆறு மணிக்கு, எங்கள் காம்பவுண்டுச் சுவரில் பசை தடவி நானே ஒட்டினேன். 'ஒருமுறை வேலையிலிருந்து நீக்கப்பட்டார்' என்ற வரி கொஞ்சம் கோணிவிட்டது. அப்படியே விட்டேன்.

எட்டரைக்குச் செயலாளர் போன் செய்தார். "சார், யாரோ சொன்னாங்க, அப்படியா ஒட்டியிருக்கீங்க? பிரான்ஸ்லேர்ந்து ஆளுங்க வர்ற நேரம். கிழிச்சிடுங்க."

"கிழிக்க மாட்டேன்."

"சங்கத்துக்கு ஒரு மரியாத இருக்கு சார்."

"சுவரு என்னுது, சார். கேட்டவரு அவரு. நடுவுல சங்கம் எங்க வருது?"

"அப்போ நானே வந்து கிழிக்கறேன்."

"வாங்க. படிச்சிட்டு கிழிங்க."

ஒன்பது மணிக்கு ஸ்கூட்டரில் வந்தார். நான் கேட் அருகில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன், எழுந்திருக்கவில்லை. அவர் கையைச் சுவர் வரை கொண்டுபோனார். பிறகு ஹெல்மெட்டைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு முதல் வரியிலிருந்து படிக்கத் தொடங்கினார். சிகரெட் வரியில் கொஞ்ச நேரம் நின்றார். மெழுகுவர்த்திகளுக்குக் கீழே 'மாடி வீட்டு உரிமையாளர் குடும்பம்' என்று இருந்த கடைசி வரி வரைக்கும் போனார்.

ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வண்டியை எடுத்தார். போஸ்டர் சுவரில் இருந்தது. நோட்டை எடுத்து எழுதினேன்: வெள்ளி, ஒன்பது மணி நாலு நிமிடம். ஓர் ஆள் நின்று கடைசி வரி வரை படித்தார்.