பக்கவாட்டில் ஒரு டீ

செக்கிங் அக்கா யாருக்கும் டீயை நேராக நீட்டுவதில்லை. வந்தவரின் காதுக்குச் சற்று முன்னால், பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு நிற்பாள். உடனே வாங்கிக்கொண்டால் ஆள் தப்பித்தார். கவனிக்காமல் பேசிக்கொண்டே இருந்தால், அவர் கிளம்பியதும் சுவரிலுள்ள குடும்ப வரைபடத்தில் அவர் பெயர்மேல் ஒரு சிவப்பு ஸ்டிக்கர் விழும்.

அந்த ஸ்டிக்கர், குறையுள்ள சட்டையில் ஒட்ட அவள் கம்பெனியில் கொடுப்பது. சட்டை தைக்கும் இடத்தில் பதினெட்டு வருடமாக அவளுக்குக் குறை பார்க்கும் செக்கிங் வேலை. மூன்று மாதமாகச் சில சட்டைகள் அவளைத் தாண்டிப் போய்த் திரும்பி வருகின்றன. எல்லாம் இடது ஓரத்துக் குறை. லைட் சரியில்லை என்று சூப்பர்வைசரோடு மல்லுக்கு நிற்கிறாள்.

பெரியப்பா மகனுக்குக் கண்ணழுத்த நோய் வந்து ஓரப்பார்வை போனபோது, குடும்பத்தில் வேறு யாருக்காவது உண்டா என்று டாக்டர் கேட்டார். துணைக்குப் போன அக்கா, “எங்க வம்சத்துல நோயே கிடையாது டாக்டர். திமிர் மட்டும்தான்,” என்றாள். வீடு வந்த பிறகுதான், அதெல்லாம் திமிர்தானா, ஓரத்தில் கண் தெரியாததா என்று சுருக்கென்றது.

அதிலிருந்து அவள் சேகரிப்பதெல்லாம் பழைய சண்டைகள். அப்பா தெருவில் பார்த்தும் பாராமல் போனார் என்று சித்தப்பா பதினொரு வருடம் பேசவில்லை. பெரிய அத்தை கல்யாண வீட்டில் அண்ணியை இடித்துத் தள்ளியதற்கு இன்றுவரை மன்னிப்பில்லை. சண்டை எந்த வருடம், இடிபட்டவர் எந்தப் பக்கம் நின்றார் என்று குறித்துக்கொள்வாள். மூக்கால் அழுத சொந்தங்களைப் பரிசோதனைக்கு இழுத்துப் போனதில், இருவருக்கு நோய் இருப்பது ஆரம்பத்திலேயே தெரிந்து, சொட்டு மருந்தோடு பார்வை பிழைத்தது.

பாக்கி தம்பிதான். பஸ் ஓட்டுகிறான். அவனிடம் டீ வித்தை பலிக்காது. கையை நீட்டிக்கொண்டேதான் உட்காருவான். “ஏதாவது இருக்குன்னு டாக்டர் எழுதிட்டா ஸ்டியரிங்கை யாரு புடிக்கிறது? என்னை விட்டுடு,” என்பான். அவன் பின்னால் உட்காரும் ஐம்பது பேரை நினைத்து அவள் விடுவதில்லை. இந்த வாரமும் கண் டாக்டரிடம் அவன் பெயருக்குச் சீட்டு வாங்கி மேஜையில் வைத்திருந்தாள். நீ காட்டினாயா என்று அவன் திருப்பிக் கேட்டால் அவளிடம் பதில் தயார்: “எனக்கென்னடா, ஒத்தை நூல் விட்டுப்போனாலும் தெரியும்.”

ஞாயிற்றுக்கிழமை வந்த தம்பிக்குக் கிண்டல் செய்யத் தோன்றியது. அக்கா வரைபடத்தின் முன் நின்று அவனைத் திட்டிக்கொண்டிருந்தாள். அவனே டீ போட்டு, அவளைப் போலவே, அவளது இடது காதருகே நீட்டினான். அக்கா திட்டிக்கொண்டே இருந்தாள். கோப்பை அந்தரத்தில் நின்றது. அவன் சிரிப்பும் நின்றது.

“ஒரு டீ போட எவ்வளவு நேரம்டா?” என்றாள்.

தம்பி கோப்பையை அவள் கண்ணுக்கு நேரே கொண்டுவந்தான். பிறகு மேஜையிலிருந்த சீட்டை எடுத்து, தன் பெயருக்குக் கீழே அவள் பெயரையும் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.