நான்காவது மட்டை

மின்னசோட்டாவில் முப்பத்திரண்டு வருஷம் சாலைப் பனியை வண்டி கொண்டு தள்ளி ஒதுக்கியவர் வெண்டெல் க்ரோக். அறுபத்தொன்பது வயதில், மனைவி மார்லிஸின் மூட்டுவலிக்காக அரிசோனாவுக்குக் குடிவந்தார். அங்கே தள்ளுவதற்குப் பனி ஏது? வெயிலை எந்த வண்டியாலும் தள்ள முடியாது. மனிதர் ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டார்.

மார்லிஸ் உட்காரவில்லை. வந்த மூன்றாம் வாரமே பிக்கிள்பால் ஆடக் கிளம்பிவிட்டாள்; டென்னிஸ் மாதிரி வலை கட்டி, சின்னக் களத்தில் ஆடும் ஆட்டம். மூட்டுவலி போன இடம் தெரியவில்லை. ஓய்வு பெற்றவர்களுக்கென்றே கட்டிய குடியிருப்பு அது. விடிந்தால் போதும், எந்தப் பக்கம் காதை வைத்தாலும் டொக் டொக் என்று ஒரே சத்தம். வெண்டெல் வாய் சும்மா இருந்ததா? ஒருநாள் விருந்தாளிகளை வைத்துக்கொண்டே, "ஓட்டை ஓட்டையா ஒரு பிளாஸ்டிக் பந்து. குழந்தைங்க குளிக்கிற தொட்டில மிதக்க வேண்டியது. அதுக்கு ஒரு மட்டை, அதுக்கு ஒரு கூட்டம்!" என்று சிரித்துவிட்டார்.  அதற்கப்புறம் மார்லிஸ் அவரை ஆட வா என்று கூப்பிடவே இல்லை.

"எப்ப வருவ?" என்பார் தினமும் காலையில்.

"பதினோரு மணி."

"நேத்தும் அப்படித்தான் சொன்ன. பன்னெண்டரை ஆச்சு."

"ஆட்டம் இழுத்துடுச்சு வெண்டெல். ஃப்ரிட்ஜ்ல சூப் இருக்கு, சூடு பண்ணிக்கோ."

கல்யாணமாகி நாற்பத்துநாலு வருஷம். பனிப்புயல் அடிக்கும் போதெல்லாம் அவர் வண்டியோடு வெளியே, அவள் வீட்டில் காத்திருப்பு. "ரிட்டயர் ஆகட்டும் மார்லிஸ், அப்புறம் நாள் பூரா உன்கூடத்தான்" என்று அவர் வாக்குக் கொடுத்திருந்தார். இப்போது நாள் பூரா கையில் இருக்கிறது, அவள்தான் இல்லை. ஒரே ஒரு சனிக்கிழமை, வலைக்கு இந்தப் பக்கம் அவளோடு ஜோடியாக நின்று ஆட வேண்டும். அந்த ஆசை வந்தபின் வெண்டெலுக்கு ஜன்னலோரம் இருப்புக்கொள்ளவில்லை.

யாரிடம் கற்பது? அவளிடமே கேட்கலாம். விருந்தாளிகள் முன்னால் சிரித்த வாயை வைத்துக்கொண்டு எப்படிக் கேட்பது? குடியிருப்பு அலுவலகத்துக்குப் போனார். "புதுசா கத்துக்கறவங்க வகுப்பு மார்ச் வரைக்கும் நிரம்பிடுச்சு சார். உங்க வீட்லயே மார்லிஸ் அவ்வளவு நல்லா ஆடறாங்களே, அவங்க சொல்லித்தர மாட்டாங்களா?" என்றாள் அங்கிருந்த பெண். வெளியே வந்துவிட்டார். நூலகப் பலகையில் ஆட்டம் கற்றுத்தருவதாக ஒரு விளம்பரம் இருந்தது. கிழித்துக்கொள்ளும் தொலைபேசி எண் துண்டு ஒன்றுகூட மிச்சமில்லை. கடைசியில் முடிவெட்டுகிறவர்தான் வழி காட்டினார். நகரப் பூங்காவில், செவ்வாய்தோறும், ஆறு வகுப்பு. பல் டாக்டரிடம் போவதாக வீட்டில் சொல்லிக்கொண்டு வெண்டெல் கிளம்பினார்.

சொல்லிக்கொடுத்தவள் கொன்சுவேலோ. சிறைக்காவலராக இருந்து ஓய்வு பெற்றவள். குரல் இருக்கிறதே, நான்கு களம் தாண்டிக் கேட்கும்.

"யோவ் பனிவண்டி! வலைக்கிட்ட ஏழடிக்குக் கோடு போட்டிருக்கே, அந்த இடத்துக்கு என்ன பேரு?"

"கிச்சன்."

"கிச்சன்ல நின்னுக்கிட்டு, தரையில படாத பந்தை அடிக்கலாமா?"

"கூடாது."

"அப்ப நீ எங்கய்யா நிக்கிற?"

குனிந்து பார்த்தார். நட்டநடுவில் நின்றுகொண்டிருந்தார்.

"வீட்ல கிச்சன் பக்கமே எட்டிப்பாக்காத ஆம்பளைங்க எல்லாம் இங்க வந்து அதுக்குள்ளயே குடித்தனம் பண்றீங்களே!" என்றாள். வகுப்பே சிரித்தது. வெண்டெலும் சிரித்தார், வேறென்ன செய்ய?

சர்வீஸ் போடும்போது மட்டை இடுப்புக்குக் கீழே இருக்க வேண்டும், பந்து குறுக்குக் கட்டத்தில் விழ வேண்டும். அது முதலில் அந்தப் பக்கம் ஒருமுறை, பிறகு இந்தப் பக்கம் ஒருமுறை தரையில் குதித்த பிறகே அந்தரத்தில் வரும் பந்தை அடிக்கலாம். ஒவ்வொரு சர்வீஸுக்கும் முன்னால் மூன்று எண்களை உரக்கச் சொல்ல வேண்டும்: நம் புள்ளி, அவர்கள் புள்ளி, நம் ஜோடியில் சர்வீஸ் போடுவது முதல் ஆளா, இரண்டாம் ஆளா. வெண்டெல் தலைகீழாக நின்று பார்த்தார். எண் நினைவிருந்தால் பந்து வலையில் மாட்டும். பந்து போனால் எண் மறக்கும். இடது முழங்கால் வேறு இரவெல்லாம் குடைந்தது. நான்காம் செவ்வாய்தான் இரண்டும் ஒன்றாகக் கூடின. அன்று காரில் உட்கார்ந்து தனியாகச் சிரித்தார். புது வெள்ளை மட்டையைக் கார் டிக்கியில் பழைய போர்வைக்கு அடியில் ஒளித்து வைத்தார். ஆறாவது வகுப்பு முடிந்ததும் கொன்சுவேலோ அவர் முதுகில் ஓங்கித் தட்டி, "போ, இனி பயமில்லாம ஆடு" என்றாள்.

அந்தச் சனிக்கிழமை, மார்லிஸ் கிளம்பிய சற்று நேரத்தில் அவரும் கிளம்பினார்.

அங்கே ஆட்டத்துக்கு வரிசை பிடிப்பது ஆட்கள் இல்லை, மட்டைகள். வந்தவர்கள் ஒரு மரச்சட்டத்தில் வரிசையாகத் தங்கள் மட்டையைச் செருகிவிட்டு நிழலில் உட்கார்ந்துவிடுவார்கள். களம் காலியானால் முதல் நான்கு மட்டைக்காரர்கள் ஆடப்போவார்கள். வெண்டெல் எட்டிப் பார்த்தார். முதலில் மார்லிஸின் தோழி ஃபிலிஸின் மட்டை, அடுத்து யாருடையதோ, மூன்றாவது மார்லிஸின் நீல மட்டை. நான்காம் இடம் காலி!  தன் மட்டையைச் செருகினார். அழைக்கும்போது திடீரென்று அவள் முன்னால் போய் நிற்கலாம் என்று தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒதுங்கி நின்றார்.

ஃபிலிஸும் மார்லிஸும் சட்டத்தருகே வந்தார்கள்.

"இது யாரோடது? பேரும் இல்ல, ஒரு கீறலும் இல்ல," என்றாள் ஃபிலிஸ். "கத்துக்குட்டி ஒண்ணு வந்திருக்கு."

எல்லோரும் செய்கிற, யாரும் வாய்விட்டுச் சொல்லாத ஒரு காரியம் அங்கே உண்டு. மார்லிஸ் அதைச் செய்தாள். தன் நீல மட்டையை உருவி, அடுத்த நால்வர் வரிசையில் செருகினாள்.

"அடிப்பாவி! என்னை மட்டும் மாட்டிவிட்டுட்டுப் போறியே!"

"என்னடி பண்றது? வீட்ல ஒருத்தரை நாள் பூரா சுமக்கறேன். இங்கயும் ஒருத்தரைச் சுமக்கணுமா? இந்த நாலு மணி நேரமாவது எனக்காக ஆடிக்கறேனே."

அவள் எரிச்சலாகக்கூடச் சொல்லவில்லை. அலுத்துப்போய், சாதாரணமாகச் சொன்னாள். அதுதான் வெண்டெலைக் கொன்றது. வைக்கோல் தொப்பிக்காரர் ஒருவர் வந்து காலி இடத்தில் தன் மட்டையைச் செருகிவிட்டுப் போனார். அதோடு அந்த இடமும் போயிற்று.

"ஆறாம் களம் காலி! இந்த வெள்ளை மட்டை யாரோடது? வாங்க, வாங்க!"

மூன்று பேர் மட்டையோடு காத்து நின்றார்கள். ஓடிவிடலாம் என்றுதான் தோன்றியது. கார் சாவி கையில் இருந்தது. ஆனால் மூன்று பேரின் ஆட்டத்தைக் கெடுத்துவிட்டு எப்படிப் போவது? கூப்பிட்டார்கள், ஒருமுறை, இருமுறை. வெளியே வந்தார்.

மார்லிஸின் முகம் செத்துப்போயிற்று. ஃபிலிஸ் தரையைப் பார்த்தாள். வெண்டெல் தன் மட்டையை எடுத்துக்கொண்டு யாரையும் பார்க்காமல் ஆறாம் களத்துக்கு நடந்தார். பதினொன்றுக்கு ஐந்து என்று தோற்றார்கள். அந்த ஐந்தில் இரண்டு அவர் எடுத்தது. 

ஆட்டம் முடிந்து வெளியே வந்தபோது கம்பிக் கதவருகே மார்லிஸ் நின்றிருந்தாள்.

"எப்ப கத்துக்கிட்ட?"

"செவ்வாக்கிழமைகள்ல."

"பல் டாக்டர்..."

"பல்லுல ஒண்ணும் இல்ல."

"அது உன்னோடதுன்னு எனக்குத் தெரியாது வெண்டெல். சத்தியமா தெரியாது."

"அது எனக்குத் தெரியும். தெரிஞ்சு சொல்லியிருந்தா, ஏதோ கோவத்துல சொல்லிட்டன்னு நினைச்சிருப்பேன்."

அதற்குள் நாலாம் களம் காலி என்று குரல் கேட்டது. நீல மட்டையை யாரோ உயர்த்திப் பிடித்து, "மார்லிஸ்! வரியா இல்லையா?" என்று கத்தினார்கள்.

"போ, கூப்பிடறாங்க," என்றார் வெண்டெல்.

இரண்டு தரம் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள். முதல் சர்வீஸை வலையில் அடித்தாள்.