வீரமலைக் கங்காணியின் சிறுத்தை

அங்கம்மாவுக்கு முன்னால் நடந்துபோன மிருகம் எது? அன்றைக்கு அதற்கு விடை சொல்ல யாருக்கும் தெரியவில்லை. மற்ற எல்லோருடைய மிருகத்தையும் அவள் சொன்னாள். அவளுடையதைச் சொல்லத்தான் ஆளில்லை.

தொண்ணூற்றெட்டில் அவள் இலங்கை மலைநாட்டில், பசறைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தாள். காலையில் பெரட்டுக்களத்தில் பெயர் கொடுக்க ஆட்கள் பனிக்குள்ளிருந்து ஏறி வருவார்கள். ஒவ்வொருவருக்கும் ஓரடி முன்னால் ஒரு மிருகம் வருவது அவள் கண்ணுக்குத் தெரியும். தீபாவளிக்கு லயத்து வரிசை வீடுகளுக்கு வெள்ளையடித்ததும், கரியும் செம்மண்ணும் மஞ்சளும் குழைத்து அவரவர் சுவரில் அவரவர் மிருகத்தை வரைந்துவிடுவாள்.

"மயிலு போடச் சொன்னா முள்ளம்பன்றியப் போட்டு வச்சிருக்கா," என்று மருதாயி சண்டைக்கு வந்தாள்.

"நீ வாயத் தொறந்தா எத்தன பேருக்குக் குத்துது? அதான் போட்டேன்."

மருதாயியின் புருஷன் அன்று முழுக்கச் சிரித்துக்கொண்டே திரிந்தான்.

அங்கம்மாவுக்கு ஒரே ஆசைதான். முனியாண்டி கோயிலின் நீளச் சுவர் வெறுமையாகக் கிடந்தது. தோட்டத்து மிருகங்கள் எல்லாம் சாமியோடு நடந்துபோவதாக அதில் வரைய வேண்டும். கோயில் சாவியும் பெயின்ட் டின்களும் வீரமலைக் கங்காணியிடம் இருந்தன.

"சுவரு தாரேன் புள்ள. மொதல்ல என் வீட்டுச் சுவத்துல, பெரட்டுக்கு வர்ற அத்தன பேருக்கும் தெரியிற மாதிரி ஒரு சிறுத்தையப் போடு. கோயில் பெயின்டையே எடுத்துக்க," என்றார் அவர்.

முன்பு ஒரு மழையில் மேட்டு லயம் மண்ணோடு சரிந்த நாளிலிருந்து அவருக்கு முன்னால் அவள் பார்த்து வந்தது சிறுத்தை இல்லை. பொய்யை வரைந்தால் கை கூசும். உண்மையை வரைந்தால் கோயில் சுவர் கிடைக்காது.

"ரெண்டு நாளைக்கு எட்டிப் பாக்காதீங்க ஐயா. சாமி விசயம்," என்று சாக்கைக் கட்டி மறைத்துக்கொண்டாள்.

மூன்றாம் நாள் சாக்கு விலகியது. மஞ்சளில் உடம்பு, கரியில் புள்ளி, பாயப்போகிற சிறுத்தை. கங்காணி மீசையை நீவிக்கொண்டு அரை மணி நேரம் அங்கேயே நின்றார். அதன் பிறகு ஒரு வாரம் அவர் நடையே மாறிப்போனது.

எட்டாம் நாள் பெரட்டு நேரத்தில் சாய்வாக ஒரு மழை பிடித்தது. முதலில் புள்ளிகள் ஒழுகின. பிறகு மஞ்சள். பிறகு அதற்கடியில் பூசியிருந்த சுண்ணாம்பும் கரைந்து இறங்கியது. அதற்கும் அடியில், கோயில் பெயின்டில், நனைந்தும் அழியாமல் ஒரு கோழி நின்றது. செட்டைக்குள் ஏழு குஞ்சுகள்.

களமே சிரித்தது. கங்காணியின் முகம் கறுத்தது.

"கோயில் சுவரும் கெடயாது, ஒண்ணும் கெடயாது. இத இப்பவே சொரண்டு."

"எதுக்குங்க சொரண்டணும்?" மருதாயிதான் கேட்டாள். "மேட்டு லயம் சரிஞ்சப்ப ஏழு பிள்ளைகளக் கம்பளிக்குள்ள அணைச்சிக்கிட்டு எறங்கி வந்தது யாரு? அதுல ஒண்ணு எம்புள்ள. சிறுத்தையா வந்திருந்தீங்கன்னா அதுங்க பயந்து ஓடியிருக்கும்."

சிரிப்பு அடங்கியது. கங்காணி மழையில் நின்றபடியே குஞ்சுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"மூக்கக் கொஞ்சம் பெருசாப் போட்டுட்ட," என்று முனகிக்கொண்டு, மடியிலிருந்து கோயில் சாவியை எடுத்து நீட்டினார். "அங்க உன்னோடதையும் போடணும்."

"என்னோடது எனக்குத் தெரியாதுங்களே."

"எனக்கு இப்பத் தெரிஞ்சிருச்சி. கொரங்கு."

கோயில் சுவரில் முனியாண்டிக்குப் பின்னால் முள்ளம்பன்றி போகிறது, கோழி போகிறது. கடைசியாக, கோழியின் வாலைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஒரு குரங்கும் போகிறது. பசறை பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவருக்கு இந்தக் கதையைச் சொல்லிவிடுங்கள். அவருக்கு முன்னால் எந்த மிருகம் ஏறியது என்பதை மட்டும், அவர் இறங்கும்வரை சொல்லாதீர்கள்.