அலுமாரிக்குப் பின்னால் இருந்த பிறிண்டர்

கல்முனைக்குடியில் மஸ்ஹூதா என்று பெயர் சொல்லிக் கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது. 'ரைப் அடிக்கிற ஆதம்லெவ்வைட வீடு' என்று கேட்டால் யாரும் வாசல்வரை கொண்டுவந்து விட்டுவிடுவார்கள். இதிலே வேடிக்கை என்னவென்றால், ஆதம்லெவ்வைக்கு ரைப் அடிக்கவே தெரியாது. முன்னறையில் கதிரை போட்டு உட்கார்ந்து, வருகிறவர்களோடு ஊர்க்கதை கதைத்து, வேலையை வாங்கி வைப்பது மட்டும்தான் அவர் பாடு. உள்ளறையில் இருந்து அடித்துத் தள்ளுவது அவருடைய பெண்சாதி மஸ்ஹூதா. பெயர் அவருக்கு, விரல் நோவு இவளுக்கு. அதைப் பற்றி அவள் ஒரு நாளும் வாய் திறந்ததில்லை. அந்த மனிசன் கதைத்துக் கொண்டிருந்தால் போதும் என்றிருந்தது அவளுக்கு.

சுனாமியில் கடல் ஊருக்குள் வருவதற்கு முன்னம் அவர்களுக்கு மருதமுனைக் கடற்கரையோரம் சீதன வீடு ஒன்று இருந்தது. ஜெஸீலா என்று ஒரே ஒரு மகளும் இருந்தாள். வீட்டில் அத்திவாரமாவது மிஞ்சியது. மகளுடைய உடல் ஜனாஸா எடுக்கக்கூடக் கிடைக்கவில்லை. பள்ளிக்கூடத்து முகாம், தரப்பாள் கொட்டில், தகரக் கொட்டில் என்று இடம் மாறி மாறிக் கிடந்துவிட்டு, கடைசியில் மஸ்ஹூதாவின் தங்கச்சி நபீலா தன் வளவுக்குள் கொடுத்த துண்டு நிலத்தில் ஒரு சின்னக் கல்வீடு கட்டிக்கொண்டார்கள். குமராக இருந்த காலத்தில் தட்டச்சு வகுப்புக்குப் போனது அப்போதுதான் மஸ்ஹூதாவுக்குக் கைகொடுத்தது. நிவாரணத்துக்கு வந்தவர்கள் விட்டுப்போன ஒரு பழைய கொம்பியூட்டரில் தொழில் தொடங்கியது.

முதலில் அடித்ததெல்லாம் கடலில் மவுத்தானவர்களின் பெயர்கள்தான். பிறகு, யுத்தம் முடியுமட்டும், பிள்ளையைக் காணவில்லை என்ற முறைப்பாடுகள். பாண்டிருப்பு, நாவிதன்வெளிப் பக்கத்திலிருந்து தாய்மார் வந்து முன்னறையில் அழுவார்கள். உள்ளறையில் இவள் அழுதுகொண்டே அடிப்பாள். யுத்தம் முடிந்த பிறகு வேலையின் நிறமே மாறிப்போயிற்று. கட்டாருக்குப் போகிறவர்களின் விபரக்கோவை, கல்யாணக் கார்ட், ரியூசன் வினாத்தாள் என்று வரத் தொடங்கின. இன்ரநெட் லைன் வந்தது. ஆதம்லெவ்வை கொழும்பிலிருந்து வயர் இல்லாமலே அடிக்கிற பிறிண்டர் ஒன்றை எடுப்பித்து, ஊருக்கெல்லாம் காட்டிவிட்டு, உள்ளறையில் மஸ்ஹூதாவுக்குப் பக்கத்தில் வைத்தார். முன்னறையில் புதிதாக வைத்த கொம்பியூட்டரில் அவர் பிறிண்ட் பட்டனை மட்டும் தட்டினால் தாள் இவளிடம் வந்து விழும். பிழை இருக்கிறதா என்று ஒருதரம் பார்த்துவிட்டுத் வாசல் திரைக்கு வெளியே நீட்டுவாள். அவருடைய கை வந்து வாங்கும். சில நேரம் அந்தக் கையில் ஒரு ரொபி மிட்டாயும் இருக்கும்.

அந்த மனிசன் ஒரு லுஹர் நேரம் தொழுகைக்குக் கைகால் கழுவி வுளூச் செய்துகொண்டிருக்கையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். எழும்பவில்லை.

மஸ்ஹூதா இத்தா இருந்தாள். புருசன் மவுத்தானால் நாலு மாதமும் பத்து நாளும் அந்நிய ஆண்களின் கண்ணில் படாமல் வீட்டுக்குள் இருப்பது முறை. அவள் வீட்டில் ஒரு சிக்கல் இருந்தது. உள்ளறையின் கதவு நேரே முன்னறைக்குத்தான் திறக்கும், அந்த வருசத்து வெள்ளத்தில் ஊதிப்போய்ச் சாத்தவும் முடியாது. வெறும் திரையோ காற்றுக்குப் பறக்கிறது. ஜனாஸா எடுத்த அன்று புருசனின் கூடப்பிறந்த ராத்தா ஆசியா உம்மா ஒரு சத்தம் போட்டாள். "அந்த இரும்பலுமாரிய இழுத்து வாசலுக்குக் குறுக்க வைங்கடா!" நாலைந்து பேர் மூச்சுப் பிடித்து இழுத்து வைத்தார்கள். அறையில் நின்ற மற்றச் சாமான்களையும், பிறிண்டர் இருந்த சின்ன மேசை உட்பட, அலுமாரியின் முதுகோடு ஒட்டித் தள்ளிவிட்டார்கள். அலுமாரிக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு கை போகிற இடைவெளி மிஞ்சியது. உள்ளறைக்கு வருவதென்றால் இனி வீட்டைச் சுற்றிப் பின்னால் போய், குசினிக்குள்ளால்தான் வரவேண்டும்.

தொடக்கத்தில் பெண்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். வந்து, அழாதே என்று சொல்லிவிட்டு அவர்கள் அழுதார்கள். தேத்தண்ணி குடித்தார்கள். யாருடைய மகளுக்கு எங்கே மாப்பிள்ளை பேசுகிறார்கள் என்று மஸ்ஹூதாவின் தலைக்கு மேலால் கதைத்தார்கள். நாற்பதாம் நாள் கத்தம் ஓதி முடிந்ததும், கந்தூரிச் சோற்றோடு அந்தக் கூட்டமும் முடிந்தது. பிறகு நபீலா நேரத்துக்குச் சோறு கொண்டுவந்து வைப்பாள், அவளுக்கும் ஆயிரம் வேலை. மஸ்ஹூதா ஓதினாள், தொழுதாள், அலுமாரியின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரும்புக்குப் பச்சை நிறம் பூசியிருந்தது. அந்தப் பச்சையை அவள் வெறுத்தாள்.

கத்தத்துக்குப் பிறகு முன்னறையைத் திறந்து தொழிலைப் பார்த்தவள் நபீலாவின் மகள் முஸ்பிறா. கலியாணம் முடித்து முதல் பிள்ளை வயிற்றில் இருந்தது. திறந்த அன்றே பிறிண்டர் சண்டித்தனம் பண்ணத் தொடங்கிற்று. முன்னறையில் தட்டினால் சிலவேளை தாள் வரும், மஸ்ஹூதா அதை இடைவெளிக்குள்ளால் நீட்டுவாள், பலவேளை வராது. 'பிறிண்டரைக் காணவில்லை' என்று கொம்பியூட்டர் சொல்லும்.

"ஒரு சுவருக்கு அங்கால இரிக்கிற சாமானக் காணல்லயாம், பெரியம்மா!" என்று இடைவெளிக்குள்ளால் கத்தினாள் முஸ்பிறா.

திருத்துவதற்கு றஊப் வந்தான். பஸாரில் கொம்பியூட்டர் திருத்துகிறவன். உள்ளே வர முடியாது, ஆகவே அலுமாரிக்கு அந்தப் பக்கம் நின்றபடி வைத்தியம் பார்த்தான். முதலில் அவன் முஸ்பிறாவிடம் சொல்ல, முஸ்பிறா இடைவெளியில் வாயை வைத்துப் பெரியம்மாவிடம் சொல்ல, பெரியம்மா பதில் சொல்ல, அது திரும்பிப் போய்ச் சேர்வதற்குள் வேறொன்றாகிப் போனது. றஊபுக்குப் பொறுமை போய்விட்டது.

"மாமி, நீங்க எனக்கு நேராவே சொல்லுங்க. இவவ நடுவுல வெச்சுக் கதைச்சா இண்டைக்கு விடியாது. பிறிண்டர்ல ஒரு நீல வெளிச்சம் இரிக்கும். அது நிண்டு எரியுதா, விட்டு விட்டு எரியுதா?"

"விட்டு விட்டு எரியுது தம்பி."

"ஓம், அதான். ரவுட்டரப் பிடிக்க ஏலாமத் தவிக்குது. இப்ப நிப்பாட்டுங்க. நான் சொன்னாப் போடுங்க."

மஸ்ஹூதா நிப்பாட்டினாள், போட்டாள், பார்த்தாள், சொன்னாள். அவளுக்கே வெட்கமாக இருந்தது, ஆனால் அன்று மனசு கொஞ்சம் லேசாயிற்று. இத்தனை நாளும் அவளிடம் கேட்டவர்களெல்லாம் சாப்பிட்டாயா, ஓதினாயா என்றுதான் கேட்டார்கள். அவள் பார்த்துச் சொன்னால்தான் தெரியும் என்கிற ஒரு கேள்வியை யாரும் கேட்டதில்லை.

றஊப் பலதும் செய்து பார்த்தான். பிறிண்டரைக் கொம்பியூட்டரிலிருந்து அழித்துவிட்டுத் திரும்பவும் சேர்த்தான். "அதுட விலாசம் மாறி மாறிப் போகுது மாமி, அதுதான் கொம்பியூட்டருக்குத் தேடிப் பிடிக்க ஏலாமக் கிடக்கு. நான் நிரந்தரமா ஒரு விலாசம் குடுத்திரிக்கன்" என்றான். மஸ்ஹூதாவுக்குச் சிரிப்பு வந்தது. முகாமுக்கும் கொட்டிலுக்குமாகத் தான் அலைந்த காலத்தில் இப்படி ஒருவன் வந்திருக்கக்கூடாதா என்று நினைத்தாள். அன்று பின்னேரம்வரை வேலை செய்தது. அடுத்த நாள் திரும்பவும் பழைய குணம்.

இதற்கிடையில் வாடிக்கையை விட முடியுமா? முஸ்பிறா ஒரு வழி கண்டாள். உள்ளறையில் மஸ்ஹூதாவின் பழைய கொம்பியூட்டர் ஒரு குட்டை வயரால் பிறிண்டரோடு கட்டித்தான் கிடந்தது. வேலையைப் பென்டிரைவில் போட்டுக்கொண்டு, வீட்டைச் சுற்றி வந்து, பெரியம்மாவுக்கு வேலை வைக்காமல் தானே உள்ளே அடிப்பிப்பாள். தாள் வந்து முடியுமட்டும் கட்டிலில் காலை நீட்டிக்கொண்டு கதைப்பாள். மாமியாரின் குணம், சவளக்கடையில் மாப்பிள்ளையின் வயலுக்குள் யானை இறங்கியது, வயிற்றில் இருக்கிறது ஆணா பெண்ணா என்று ஆளாளுக்குச் சொல்வது, எல்லாம் வரும். ஒருநாள் மஸ்ஹூதாவின் கையை எடுத்துத் தன் வயிற்றில் வைத்து, "உதைக்கிறத பாருங்க பெரியம்மா" என்றாள். அன்று முழுக்க மஸ்ஹூதா அந்தக் கையை மடியில் வைத்துக்கொண்டே இருந்தாள்.

அப்படியிருக்கையில்தான் அந்தச் சங்கதி நடந்தது. மேசைக்குக் கீழே விழுந்த ஒரு தாளை எடுப்பதற்காக மஸ்ஹூதா மேசையைச் சுவர்ப் பக்கமாக இழுத்தாள். அது அலுமாரியின் முதுகை விட்டு விலகி, இடைவெளிக்கு நேரே வந்து நின்றது. நீல வெளிச்சம் விட்டு விட்டு எரிவதை மறந்து நின்று எரிந்தது. உடனே பிறிண்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஒரு தாளைத் துப்பியது. அவளுக்கு விளங்கிவிட்டது. ரவுட்டர் முன்னறைச் சுவரில் நேர் எதிரே இருக்கிறது. நடுவில் பிடவையும் சட்டிபானையும் அடைத்த இரும்பலுமாரி மலைபோல நிற்கிறது. பிறிண்டருக்கும் அவளுக்கும் ஒரே மறைப்பு.

கூப்பிட்டுச் சொல்லத்தான் வாயைத் திறந்தாள். அதற்குள் குசினிப் பக்கமாகச் செருப்புச் சத்தம் கேட்டது. "பெரியம்மா, நேத்து எங்கட மாமி செஞ்ச வேலையக் கேட்டீங்களா!" என்றபடி முஸ்பிறா வந்துகொண்டிருந்தாள்.

மஸ்ஹூதா மேசையைப் பழைய இடத்துக்குத் தள்ளிவிட்டாள். துப்பிய தாளைத் தலையணைக்குக் கீழே வைத்தாள். அவள் ஆயுளில் செய்த கள்ளத்தனங்களை எண்ணப்போனால் ஒரு கை விரலுக்கும் வராது. அதில் இது ஒன்று. அல்லாவுக்குப் பயந்தவள்தான். ஆனாலும் தள்ளினாள்.

பாவம் றஊப். அவன் திரும்பத் திரும்ப வந்து, "என்ட தொழில்ல இப்பிடி ஒரு பேயக் காணல்ல மாமி" என்று தலையைச் சொறிந்தான். முன்னறையில் ரவுட்டரை இறக்கினான், ஏற்றினான். நீல வெளிச்சம் எப்படி என்று கேட்டான். அவளும் உண்மையைத்தான் சொன்னாள், விட்டு விட்டுத்தான் எரிந்தது. ஏன் என்பதை மட்டும் சொல்லவில்லை. அன்றிரவு தொழுகையில் அவளுக்கு நெஞ்சு குறுகுறுத்தது. அடுத்த நாள் செருப்புச் சத்தம் கேட்டதும் அது மறந்துபோயிற்று.

கடைசியில் நபீலாதான் ஒரு முடிவெடுத்தாள். சோற்றுக் கோப்பையை வைத்துவிட்டு, "ராத்தா, புள்ளத்தாச்சி இந்த வெயிலுக்க வீட்டச் சுத்திச் சுத்தி நடக்கிறாள். காலெல்லாம் வீங்கிப் போச்சு. வெள்ளிக்கிழம ஜும்மா முடிய ஆம்புளையள் வருவாங்க, பிறிண்டர முன்னுக்குத் தூக்கி வெச்சிருவம். நீங்க இனிக் கஸ்டப்படாம ஓதிக்கொண்டு இரிங்க" என்றாள். நல்ல மனசோடுதான் சொன்னாள். அதுதான் இன்னும் நொந்தது.

பிறிண்டர் போனால் தாளும் போய்விடும். தாளுக்காக நீளுகிற கையும் போய்விடும். சோற்றுக் கோப்பையும் பச்சை அலுமாரியும் மிஞ்சும். இத்தா முடிந்து வெளியே வந்தாலும், அந்த முன்னறையில் அவளுக்கு என்ன வேலை? ஊர் அவளில்லாமல் பழகியிருக்கும். மஸ்ஹூதாவுக்குப் பயம் பிடித்தது. கடல் வந்த அன்றுகூட அவள் இப்படி உட்கார்ந்து பயப்படவில்லை, பயப்படுவதற்கு நேரம் இருக்கவில்லை. முஸ்பிறாவின் வீங்கின கால்களையும் நினைத்தாள். தன்னால்தான் என்று தெரிந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் முன்னறையில் முஸ்பிறாவும், வினாத்தாள் வாங்க வந்த காரைதீவுக் கணித மாஸ்டர் சசிகரனும் இருந்தார்கள். முஸ்பிறா தட்டிப் பார்த்துவிட்டு, "கொஞ்சம் இரிங்க சேர், உள்ளுக்குப் போய் எடுத்திட்டு வாறன்" என்று எழும்புவது கேட்டது. மஸ்ஹூதா பிஸ்மி சொல்லி, மேசையை இடைவெளிக்கு நேரே இழுத்தாள்.

நீல வெளிச்சம் நின்று எரிந்தது. பிறகு பிறிண்டருக்கு வெறி பிடித்தது. முஸ்பிறா வராது வராது என்று திரும்பத் திரும்பத் தட்டியதெல்லாம் கொம்பியூட்டருக்குள்ளே வரிசையில் காத்துக் கிடந்திருக்கிறது. ஒரே வினாத்தாள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தது, பிறகு யாரோ ஒரு மாப்பிள்ளையின் கல்யாணக் கார்ட், றஊப் அனுப்பிய பரிசோதனைத் தாள்கள், திரும்பவும் வினாத்தாள். தட்டு நிரம்பி நிலத்தில் சிந்தியது.

"பெரியம்மா! வேல செய்யுது! அல்ஹம்துலில்லாஹ்!" முஸ்பிறா முன்னறையிலிருந்து கத்தினாள். "உம்மாட்டச் சொல்லுவம், பிறிண்டர அசைக்கத் தேவல்ல. இனி நானும் சுத்தி வரத் தேவல்ல. இதுக்குள்ளாலயே தாங்க!"

இடைவெளிக்குள் ஒரு கை வந்தது. வளையல் போட்ட, கொஞ்சம் வீங்கின கை. மஸ்ஹூதா வினாத்தாளை அடுக்கி அந்தக் கையில் வைத்தாள். வைத்தவள் மறு நுனியை விடவில்லை.

"விடுங்களே பெரியம்மா, சேர் நிக்கிறாரு."

"முஸ்பிறா."

"என்னகா பெரியம்மா? திரும்பவும் பழுதாப் போச்சா?"

"இல்ல புள்ள. அது ஒரு நாளும் பழுதில்ல. மேசையக் கொஞ்சம் இழுத்து வெச்சாச் சரி. எனக்குத் தெரியும், எப்பயோ தெரியும். நீ உள்ளுக்கு வருவாயெண்டுதான் நான் சொல்லல்ல." தாளின் நுனியை விட்டாள். "பிறிண்டருக்கு ஒண்டுமில்ல மகள். எனக்குத்தான் தனிய இரிக்க ஏலாமக் கிடக்கு."

கை மெல்ல அந்தப் பக்கத்துக்கு இழுபட்டது, வினாத்தாள்களோடு. மாஸ்டரிடம் தாளைக் கொடுப்பது கேட்டது. மஸ்ஹூதா நிலத்தில் சிந்திய தாள்களைப் பொறுக்கத் தொடங்கினாள். இனி இந்தப் பிள்ளையின் முகத்தில் எப்படி முழிப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

குசினிப் பக்கமாகச் செருப்புச் சத்தம் கேட்டது. முஸ்பிறா வந்தாள், கையில் பென்டிரைவும் இல்லை, ஒன்றும் இல்லை. அவள் வழக்கம்போலக் கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்து, பெரியம்மாவின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். முன்னறையில் மாஸ்டர் ஒருதரம் இருமினார். கொஞ்ச நேரம் கழித்து, "தங்கச்சி, இதுல ஒரு பக்கம் குறையுது" என்றார்.

முஸ்பிறா எழும்பவில்லை.